தூரம் நின்ற பிறகு

“கரண்ட் போயிருச்சா கண்ணு?”

1993 கோடையில் ஒரு நடுராத்திரி அம்மா எழுந்து உட்கார்ந்து கேட்டாள். தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. வேர்வை நெற்றியிலிருந்து மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. நான் அப்போதுதான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். “ஃபேன் ஓடுதேம்மா” என்றேன். அண்ணாந்து பார்த்தாள். நம்பாதவள் போலக் கையை உயர்த்திக் காற்று வருகிறதா என்று தடவினாள். பிறகு வாசலுக்குப் போய்த் தொட்டித் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தாள். விடியும்வரை உள்ளே வரவில்லை.

அந்த வருஷம் முழுக்க இதே கேள்விதான். மார்கழிக் குளிரிலும் கேட்டாள்.

மல்லசமுத்திரத்தில் எங்கள் தெருவில் அப்போது விடிந்தால் விசைத்தறிச் சத்தம். நாமக்கல் தனி மாவட்டமாக 1997 ஆக வேண்டியிருந்தது. அன்றைக்கு நாங்கள் சேலம் மாவட்டம். அம்மா இரண்டு தறி ஓட்டினாள். அப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை. மத்தியப் பிரதேசத்தில் எங்கேயோ போர்வெல் போட்டுக்கொண்டிருப்பார், பொங்கலுக்கு வந்தால் உண்டு. அந்தக் கோடைக்கு ஆறு மாதம் முன்னால் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். அப்போது அவளுக்கு வயது 41.

உதிரப்போக்கு பதினைந்து நாள் நிற்காமல் போனது. தறியடியில் நின்றால் துணி தாங்கவில்லை. நின்று ஓட்டாவிட்டால் கூலி இல்லை. டாக்டரிடம் போனபோது, “ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனிமே இது எதுக்கு? வச்சிருந்தா பின்னாடி கேன்சர் வரும், எடுத்துடலாம்” என்றார்கள். தோட்டை அடகு வைத்து எடுத்துக்கொண்டாள். ஒரு மாதம் படுக்கை, அப்புறம் மறுபடி தறி.

2014-இல் வாசற்படியில் கால் தடுக்கி லேசாகத்தான் விழுந்தாள். மணிக்கட்டு இரண்டாக முறிந்தது. எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு எப்போது தூரம் நின்றது, ஆபரேஷன் ஏதும் நடந்ததா என்று கேட்டார். வீட்டுக்கு வந்து பெட்டியடியில் கிடந்த பழைய சீட்டைத் தேடி எடுத்துப் படித்தேன். கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருக்கிறார்கள். அதுவரை அது அம்மாவுக்கே தெரியாது. அந்தக் கோடையில் வீசிய அனல் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு இருபத்தோரு வருஷம் கழித்துப் புரிந்தது.

இப்போது எனக்கு 47. இந்தக் கட்டுரையை எழுதும் இரவுகளில் நானும் விசிறியை அண்ணாந்து பார்க்கிறேன்.

மெனோபாஸ் என்ற சொல் எங்கள் ஊர்ப் பெண்கள் வாயில் வராது. மாதவிடாய் நிறுத்தம் என்பது பாடப்புத்தகச் சொல். “அவுங்களுக்கு நின்னுருச்சு” என்பார்கள், அவ்வளவுதான். எது நின்றது என்று யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். மாதவிலக்குக்கு இங்கே தூரம் என்று பெயர். வீட்டுக்குத் தூரம், சாமிக்குத் தூரம். ஆகவே தூரம் நிற்பது என்றால் கிட்டே வருவது. என் அம்மாயிக்கு நின்றபோது அவர் சந்தோஷப்பட்டதாக அம்மா சொல்லுவாள். மாரியம்மன் நோம்பிக்கு நாள் கணக்குப் பார்க்காமல் தீர்த்தக்குடம் எடுக்கலாம். சமையற்கட்டில் எந்நேரமும் நுழையலாம். அந்த வயதுக்குப் பிறகு சபரிமலைக்கு இருமுடி கட்டிய கிழவிகள் எங்கள் தெருவிலேயே பலர். தூரம் என்ற ஒதுக்கலை நான் ஏற்கவில்லை. ஆனால் இந்தப் பருவத்தை நோயென்றோ இழப்பென்றோ மட்டும் பேசும் மருத்துவ விளம்பரங்களைவிட அம்மாயியின் சந்தோஷத்தில் ஒரு நியாயம் இருந்தது. விடுதலையும் உபாதையும் சேர்ந்தே வருகின்றன. விடுதலையைப் பற்றிப் பேச நமக்குச் சொற்கள் இருந்தன. உபாதையைப் பற்றிப் பேச இல்லை.

உபாதை எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் பத்து லட்சத்துக்கு மேல் முட்டைகள் இருக்கின்றன. வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம்தான் மிச்சம். நாற்பதுகளில் அந்த இருப்பு தீரத் தொடங்கும். சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஒரே சீராகக் குறைவதில்லை. ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் சரியும். அதனால்தான் நிற்பதற்கு முந்தைய சில வருஷங்கள் நின்ற பிறகான காலத்தைவிடக் கொந்தளிப்பானவை. இரண்டு மாதம் வராது, பிறகு கொட்டித் தீர்க்கும். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்பது மருத்துவக் கணக்கு. இந்தியப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதில் நடக்கிறது, மேலைநாட்டில் 51. நாற்பதுக்கு முன்பே நின்றால் அது வேறு சங்கதி. கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அந்த அனலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். “உடம்புச் சூடு, எண்ணெய் தேச்சுக் குளி” என்று அதை முடித்துவிடுகிறார்கள். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் உடல் வெப்பத்தைக் காக்கும் ஏற்பாடு இருக்கிறது. இந்த அளவுக்கு மேலே போனால் வேர்க்க வை, இதற்குக் கீழே போனால் நடுங்க வை என்று இரண்டு எல்லைகள். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அங்குள்ள சில நரம்பணுக்கள் கட்டுமீறி வேலை செய்து அந்த இரண்டு எல்லைகளையும் நெருக்கிவிடுகின்றன. முன்பு உடம்பு பொருட்படுத்தாத சின்னச் சூட்டுக்கும் இப்போது முழு அவசரம் காட்டும். தோலின் ரத்தக்குழாய்கள் விரியும், நெஞ்சிலிருந்து முகத்துக்கு அனல் ஏறும், குப்பென்று வேர்க்கும், படபடக்கும். இரண்டு, மூன்று நிமிஷத்தில் அடங்கி, அப்புறம் குளிரும். டாக்டர்கள் இதை ஹாட் ஃப்ளஷ் என்கிறார்கள். சிலருக்கு நாளுக்கு ஒன்று, சிலருக்கு மணிக்கு ஒன்று. அமெரிக்காவில் பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு 2015-இல் ஒரு கணக்குச் சொன்னது: அடிக்கடி அனல் வரும் பெண்களில் பாதிப் பேருக்கு அது 7.4 வருஷத்துக்கு மேல் நீடிக்கிறது. “ஆறு மாசம் பொறுத்துக்க, சரியாயிரும்” என்று நாம் சொல்லும் ஆறுதல் பலருக்குப் பலிப்பதில்லை.

இதை ஒரு தறிக்கூடத்துக்குள் வைத்துப் பாருங்கள். தகரக் கூரை, பஞ்சுத் தூசி, மோட்டார்ச் சூடு, சித்திரை வெயில். பாவு அறுந்தால் பிணைக்க வேண்டும், நாடாவில் தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும், ஒரு நிமிஷம் அசந்தால் துணியில் பழுது விழும், பழுதுக்குக் கூலியில் பிடிப்பார்கள். அங்கே நின்றபடி ஒரு பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தால், அது வெயிலா வயசா என்று யார் கண்டார்கள்? தமிழ்நாட்டில் கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். துணிக்கடைப் பெண்களின் கால்களுக்கு அது பெரிய காரியம். அந்தத் துணியை நெய்கிற பெண்ணுக்கு ஒரு முக்காலி, குடிக்கத் தண்ணீர், ஜன்னலோரமாக ஐந்து நிமிஷம் என்று தறிக்காரர்கள் மனசு வைத்தாலே போதும். அதற்குச் சட்டம் வரவேண்டும் என்றில்லை.

அனல்தான் பெயர் வாங்கிய உபாதை. எங்கள் பக்கத்துப் பெண்கள் முதலில் சொல்வது அதுவல்ல. “கை கால் கடுப்பு, இடுப்பு விட்டுப் போச்சு, அசதி” என்பார்கள். கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் மார்கரெட் லாக் ஜப்பானியப் பெண்களிடையே இதை ஆராய்ந்து 1993-இல் ஒரு நூல் வெளியிட்டார். அங்கே பெண்கள் அனலைவிடத் தோள் இறுக்கத்தையும் தலைவலியையும் அதிகம் சொன்னார்கள். எதை வலி என்று எண்ணிச் சொல்கிறோம் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. எங்கள் ஊர் வழக்கில் அனலுக்குச் சொல் இல்லை, மூட்டுக்கு இருக்கிறது. அதனால் மூட்டு வலி என்று எலும்பு டாக்டரிடம் ஒரு தடவை, படபடப்பு என்று ஈ.சி.ஜி. எடுக்க ஒரு தடவை, தூக்கமில்லை என்று மருந்துக் கடையில் ஒரு தடவை, எரிச்சலும் அழுகையும் அதிகமானால் கோயிலில் மந்திரிக்க ஒரு தடவை என்று ஒரே காரணத்துக்கு நான்கு வாசல் ஏறுகிறோம். நான்கு வாசலிலும் யாரும் மாதவிலக்கைப் பற்றிக் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. எல்லாவற்றையும் வயசின் தலையில் போடுவதும் ஆபத்து. தைராய்டு கோளாறும் இப்படியேதான் காட்டும்: வேர்வை, படபடப்பு, எடை ஏற்றம், மறதி. ரத்தசோகையும் அசதியாகத்தான் வரும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதோடு நாற்பதுகளின் பெரும்போக்கும் சேர்ந்தால், தறியடியில் கண் இருட்டி விழுவதில் ஆச்சரியமில்லை. ஆகவே முதல் வேலை ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் இந்த நான்கையும் பார்ப்பது.

அம்மாவின் கதைக்குத் திரும்புகிறேன். இந்தக் கட்டுரையை எழுத எனக்கிருந்த முதல் காரணமே அதுதான்.

கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள் எங்கள் தெருவில் மட்டும் எத்தனை பேர் என்று அம்மாவும் நானும் ஒருநாள் உட்கார்ந்து எண்ணினோம். ஒரு கை விரல் போதவில்லை. நாட்டளவில் 15–49 வயதுப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பெரும்பாலான ஆபரேஷன்கள் நடந்தது தனியார் மருத்துவமனைகளில். காரணம் கேட்டால் பாதிக்கு மேற்பட்டோர் சொன்னது அதிக உதிரப்போக்கு. மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள், மாதவிலக்கு நாளில் கூலி போகிறதே என்று ஆயிரக்கணக்கில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019-இல் நாட்டை உலுக்கியது. படித்தபோது எனக்கு அதிர்ச்சியைவிட அடையாளம்தான் தெரிந்தது. கரும்புக்கொல்லைக்குப் பதில் தறி, மற்றதெல்லாம் அம்மா.

ராஜஸ்தானின் டாக்டர் நரேந்திர குப்தா 2013-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழை, தலித் பெண்களுக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பை நீக்கப்படுகிறது, அரசு காப்பீட்டுப் பணத்துக்காகவும் நடக்கிறது என்பது வழக்கு. 2023 ஏப்ரல் 5-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2022-இல் வகுத்த வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. தேசிய, மாநில, மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழுக்கள் வேண்டும், 40 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு எடுத்தால் அந்தக் குழுக்கள் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

கர்ப்பப்பையை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய் என்றால் எடுக்கத்தான் வேண்டும். மருந்துக்கு அடங்காத பெரிய நார்த்திசுக் கட்டி, முழுக்க இறங்கிவிட்ட கர்ப்பப்பை என்று நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் நாற்பதுகளில் வரும் பெரும்போக்கு பலருக்கு நிற்கப்போவதற்கு முந்தைய ஹார்மோன் தடுமாற்றம். அதற்கு முதலில் ஸ்கேன், வயது 45 தாண்டியிருந்தால் கர்ப்பப்பை உள்சவ்வைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனை. பிறகு மருந்து. போக்கு நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரைகள் இருக்கின்றன. ஹார்மோன் மாத்திரைகள் இருக்கின்றன. காப்பர்-டி போலவே கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் ஒன்று இருக்கிறது. அதை ஒரு தடவை வைத்தால் ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் போக்கைக் கட்டுப்படுத்தும். நாற்பத்தைந்தில் வைத்தால், அது தேயும்போது பலருக்கு இயற்கையே நிறுத்தியிருக்கும். நார்த்திசுக் கட்டிகளும் மாதவிடாய் நின்றபின் சுருங்குகின்றன. ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன் இதெல்லாம் செய்து பார்த்தாயிற்றா என்று கேட்பது பெண்ணின் உரிமை. கேட்டால் கோபிக்கும் டாக்டரிடமிருந்து எழுந்து வந்து இன்னொருவரைப் பார்ப்பதும் உரிமைதான்.

எடுத்தேதான் ஆக வேண்டும் என்றால் இன்னொரு கேள்வி: “சினைப்பையை விட்டுவைப்பீங்களா?” அம்மா கேட்காத கேள்வி. கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாத கேள்வி. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் உடனே மெனோபாஸ் வராது, சில வருஷம் முன்னதாக வரலாம். சினைப்பைகளையும் எடுத்தால் மறுநாளே வந்துவிடும். இயற்கை ஏழெட்டு வருஷம் எடுத்துக்கொண்டு மெதுவாக இறக்கும் பாரத்தை ஒரே ராத்திரியில் தூக்கிப் போடுவது அது. அனல் கடுமையாகும். எலும்பு சீக்கிரம் கரையும். இதயநோய் வாய்ப்பும் கூடும். அதனால்தான், நாற்பது வயதை ஒட்டிச் சினைப்பை போனவர்களுக்கு, தடை ஏதும் இல்லையென்றால், இயற்கையாக நிற்கும் வயதுவரையாவது ஈஸ்ட்ரோஜன் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. கேன்சர் பயத்தைக் காட்டி எடுத்தவர்கள் அம்மாவுக்கு ஒரு மாத்திரைகூட எழுதிக் கொடுக்கவில்லை.

ஈஸ்ட்ரோஜன் என்றதும் பயப்படுகிறார்கள், படித்தவர்கள் கூடுதலாக. அந்தப் பயத்துக்கு ஒரு தேதி உண்டு. 1942 முதல் அமெரிக்காவில் விற்ற பழைய மருந்து இது. 2002 ஜூலையில், 16,608 பெண்களை வைத்து அங்கே நடந்த பெரிய ஆய்வு ஒன்றைப் பாதியில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற மற்றொரு ஹார்மோனும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு கூடியது என்று உலகம் முழுக்கச் செய்தி. ஒரே வருஷத்தில் லட்சக்கணக்கான பெண்கள் மருந்தைக் கைவிட்டார்கள். எண்ணிக்கையைப் பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. பத்தாயிரம் பெண்கள் ஒரு வருஷம் சாப்பிட்டால் கூடுதலாக எட்டுப் பேருக்கு மார்பகப் புற்றுநோய். இடுப்பெலும்பு முறிவு ஐந்து குறைகிறது, பெருங்குடல் புற்றுநோய் ஆறு குறைகிறது. ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயதோ 63. பெரும்பாலும் மெனோபாஸ் முடிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆனவர்கள். கர்ப்பப்பை இல்லாத பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த கிளை ஆய்வில் மார்பகப் புற்றுநோய் கூடவே இல்லை.

அதற்குப் பிந்தைய இருபது வருஷ ஆராய்ச்சியின் சாரம் இதுதான்: வயது 60-க்குள், நின்று பத்து வருஷத்துக்குள் தொடங்கினால், அனலால் அவதிப்படும் ஆரோக்கியமான பெண்ணுக்குப் பெரும்பாலும் தீங்கைவிட நன்மை அதிகம். அனலுக்கு இதைவிடப் பலன் தரும் மருந்து வேறில்லை. 2025 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் இம்மருந்துகளின் மேலட்டையில் இருந்த கடும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்குவதாக அறிவித்தது. கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாகச் சாப்பிடக் கூடாது, உள்சவ்வு தடித்துப் புற்றுநோயாகலாம். புரோஜெஸ்ட்ரோனும் சேர்க்க வேண்டும். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், ரத்த உறைவு வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்களுக்கும், ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் இது ஆகாது. மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஜெல்லில் ரத்த உறைவு பயம் குறைவு. மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் பண்டம் அல்ல இது; மார்பகமும் ரத்த அழுத்தமும் பார்த்து, மகப்பேறு டாக்டர் எழுதித் தர வேண்டியது.

ஹார்மோன் வேண்டாதவர்களுக்கும் வழி உண்டு. மனச்சோர்வுக்கான சில மருந்துகளைக் குறைந்த அளவில் கொடுத்தால் அனல் தணிகிறது. நரம்பு வலிக்கான காபாபென்டின் இரவு வேர்வைக்கும் தூக்கத்துக்கும் உதவுகிறது. எண்ணங்களைக் கையாளக் கற்றுத்தரும் மனநல ஆலோசனைக்கும் நல்ல சான்று இருக்கிறது. சோயா, மூலிகைக் கேப்சூல்கள், “ஹார்மோன் பேலன்ஸ்” பொடிகள் என்று வாட்ஸ்அப்பில் விற்பவற்றுக்கு அப்படிப்பட்ட சான்று இல்லை. யோகாவும் நடையும் அனலை நேரடியாகக் குறைப்பதாக நிரூபணம் இல்லைதான். ஆனால் தூக்கம், மனசு, எடை, சர்க்கரை, எலும்பு எல்லாவற்றுக்கும் அவை நல்லவை. எடை குறைந்தால் அனலும் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எலும்புக்கு எங்கள் ஊரிலேயே எல்லாம் இருக்கிறது. திருச்செங்கோட்டுக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் மஞ்சளோடு எள்ளும் மூட்டை மூட்டையாக ஏலம் போகிறது. மல்லசமுத்திரம் கிளையில் பருத்தி. நூறு கிராம் எள்ளில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். ராகியில் 340-க்கு மேல், முருங்கைக்கீரையில் 300-க்கு மேல், எங்கள் வீட்டில் வாரம் தவறாமல் கடையும் கொள்ளுப் பருப்பில் 260-க்கு மேல். நின்றபின் ஒரு பெண்ணுக்கு நாளுக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும். ராகிக் களி, கொள்ளு, கீரை, இரண்டு டம்ளர் மோர், ஓர் எள்ளுருண்டை என்று நாளைப் பிரித்துக்கொண்டால் அருகில் வந்துவிடலாம். நாமக்கல்லில் விளையும் முட்டை புரதத்துக்கு. ஆனால் ஆட்டையாம்பட்டி முறுக்கும் ஊறுகாயும் ரத்த அழுத்தத்துக்குத் தீனி, அதையும் சொல்லிவிட வேண்டும். ஈஸ்ட்ரோஜனின் காவல் போனபின் கொழுப்பும் ரத்த அழுத்தமும் ஏறத் தொடங்குகின்றன. பெண்ணுக்கு மாரடைப்பு வராது என்ற நம்பிக்கை இந்த வயதோடு செல்லாததாகிறது.

தின்பது மட்டும் போதாது. எலும்பு பாரத்துக்குத்தான் கெட்டிப்படும். வயலில் சும்மாடு வைத்துச் சுமந்தவர்களுக்கு அது தானாக நடந்தது; இப்போது மோட்டார் தண்ணீர் ஏற்றுகிறது, மிக்சி அரைக்கிறது. நடையோடு வாரம் இரண்டு மூன்று நாளாவது பாரம் தூக்கும் பயிற்சி வேண்டும். ஐந்து கிலோ அரிசிப் பையே போதும், நாற்காலியில் கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்தாலும் போதும். மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு வருஷத்தில்தான் எலும்பு அதிவேகமாகக் கரைகிறது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரிலும் தகரக் கூரைக்குக் கீழே நாளெல்லாம் நிற்பவளுக்கு வைட்டமின் டி குறையும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

பேசாமல் விடுவது இரண்டு விஷயம். ஒன்று பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சல், உறவில் வலி. அனல் சில வருஷத்தில் தணியும். இது வைத்தியம் பார்க்காவிட்டால் தணியாது, கூடிக்கொண்டே போகும். வருஷம் முழுக்க ரிக் வண்டியில் இருந்துவிட்டு வரும் கணவனிடம் எத்தனை பேர் வலியென்று சொல்லியிருப்பார்கள்? “என்மேல ஆசையில்ல” என்று அவர் நினைத்துக்கொள்ள, இவள் முதுகைத் திருப்பிப் படுக்க, ஒரு குடும்பத்தின் பத்து வருஷம் இப்படியே போய்விடுகிறது. அந்த இடத்தில் தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு இருக்கிறது. ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கும். இன்னொன்று சிறுநீர்க் கசிவு. இருமினால், தும்மினால், குடம் தூக்கினால் சொட்டும். கழிப்பறை இல்லாத தறிக்கூடத்தில் தண்ணீரே குடிக்காமல் இருந்து சமாளிக்கிறார்கள். அதனால் நீர்க்கடுப்பு வருகிறது. சிறுநீரை அடக்குவது போலக் கீழ்த்தசையை இறுக்கி, ஐந்து விநாடி பிடித்து விட வேண்டும். வேளைக்குப் பத்து, நாளுக்கு மூன்று வேளை. தறியோரம் நின்றபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. இரண்டு மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

ஒன்றே ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு வருஷம் நின்றபிறகு மறுபடி ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், “திரும்ப வயசு வந்துருச்சு” என்று சிரித்துவிட்டுப் போகாமல் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுமிருக்காது. ஆனால் இப்படி வருகிறவர்களில் பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோய் இருக்கலாம்; ஆரம்பத்தில் பிடித்தால் குணமாக்கிவிடலாம்.

நம் அரசு பெண்ணுக்காகச் செய்யும் காரியங்கள் சின்னவை அல்ல. வயதுக்கு வந்த சிறுமிக்குப் புதுயுகம் திட்டத்தில் நாப்கின், கர்ப்பிணிக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரில் நிதி. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இன்று வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் நம் ஊர்ச் சுயஉதவிக் குழுப் பெண்கள். அவர்களிடம் சொல்ல எந்தப் பெண்ணும் கூச மாட்டாள். நாற்பது தாண்டியவளைப் பார்த்து அவர்கள் கூடுதலாக ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: “தூரம் எப்படி இருக்குதுங்க்கா, ராத்திரி தூக்கம் வருதா?” அந்தக் கேள்விக்குப் பணம் செலவாகாது. கேட்ட பதிலை வைத்துக்கொண்டு அனுப்ப ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, நாமக்கல்லிலும் சேலத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

போன மாதம் நான் போனேன். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தமும் அழுத்தமும் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஒன்பதரை. பிறகு சேலத்தில் ஒரு மகப்பேறு டாக்டர் ஸ்கேன் எடுத்து, மார்பகம் பார்த்து, எங்கள் வீட்டு வியாதிகளையெல்லாம் கேட்டு, முக்கால் மணி நேரம் பேசினார்.

வீடு திரும்பும்போது அந்தி. அம்மா வாசலில் முறத்தில் எள்ளைப் புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது 73. திருச்செங்கோட்டு மலைப்படி ஏறி எத்தனையோ வருஷமாகிறது. நிமிர்ந்து பார்த்ததும் முதல் கேள்வி அதுதான்.

“எடுத்துடச் சொன்னாங்களா?”

“இல்லம்மா. எடுக்க வேண்டியதில்லையாம்.”

“அப்ப ராத்திரி வேர்க்கறதுக்கு?”

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். காலையில் கையில் தடவ ஒரு ஜெல், ராத்திரிக்கு ஒரு மாத்திரை, இரும்புச்சத்துக்கு ஒன்று. ஜெல் குழாயை வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

“வாசமே இல்ல.”

கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

“இது அப்ப இருந்துச்சா சாமி?”

“மாத்திரையா இருந்துச்சும்மா.”

மூடியைத் திருகி என்னிடம் கொடுத்துவிட்டு முறத்தை எடுத்தாள்.

“உள்ள போய் ஃபேனைப் போட்டு உக்காரு” என்றாள்.